நல்ல முகம் என் பக்கம்

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. பட்டறை டெம்போவில் மூன்று பிர்ச் ப்ளைவுட் ஷீட் வந்து சேர்ந்தன. எட்டுக்கு நாலு அடி. பதினெட்டு எம்.எம். ஓரத்தை எண்ணினேன், பதின்மூன்று அடுக்கு. மூலையில் தண்ணீர்க் கறை, அதனால் பட்டறையில் ஒதுக்கியவை. ஒன்பது வருடமாக அங்கே மெத்தை உறை தைக்கிறேன், வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான்.

தாஸ் (பட்டறைத் தச்சர்) இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: "அக்கா, இதுக்கு ரெண்டு மொகம். ஒண்ணு சுத்தமா இருக்கும், இன்னொண்ணுல முட்டை முட்டையா ஒட்டு போட்டிருக்கும். அறுக்கறப்போ நல்ல மொகத்த கீழ வெச்சிடு. இல்லன்னா பிசிறு கெளம்பிடும்."

கட்டிங் மெஷினும் டிரில்லும் ஒரு வாரத்துக்கு இரவல். வீடியோ பார்த்துச் செய்வதாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

வேண்டியவை: பசை, திருகு (ஒன்றரை அங்குலம்), எல் பட்டை, உப்புத்தாள், கீல் மூன்று, தாழ்ப்பாள்.

இதை எழுதுவது அளவு நோட்டின் பின்பக்கத்தில். முன்பக்கம் எல்லாம் ஜாக்கெட் அளவு. இதை யார் புரட்டப் போகிறார்கள்? என் வீட்டுக்காரர் பெயரை இங்கே எழுதுவதில்லை. முன் ஹாலில் இருப்பவர். சுருக்கமாக மு.ஹா.

நவ. 4, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம்.

ஹால் அகலம் ஒன்பது அடி. எட்டு மாதமாக நடுவில் கயிறு கட்டி அம்மாவின் பச்சைச் சேலையைத் தொங்கவிட்டிருக்கிறேன். முன்பாதி மு.ஹா., டி.வி., சோபா. பின்பாதி நான், தையல் மெஷின், கட்டில், அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை மகள் சரண்யாவைப் பெண் பார்க்க வில்லியனூரிலிருந்து வருகிறார்கள். அதற்குள் சேலையை எடுத்தாக வேண்டுமாம். மு.ஹா. என்னிடம் நேரே பேசுவதில்லை, மகள் வழியாகத்தான்.

"உங்கம்மா கிட்ட சொல்லு. ஊட்டுக்குள்ள சேல கட்டித் தொங்கினா வர்றவன் என்னா நெனைப்பான்?"

எடுக்க மாட்டேன் என்றேன். சரண்யாதான் அழுது, மூக்கைச் சிந்தி, ஒரு வழி கண்டுபிடித்தாள்: "தடுப்பு இருக்கட்டும்மா. ஆனா அலமாரி மாதிரி இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு ஷோகேஸ். உனக்குத் தடுப்பு." இருபத்து நான்கு வயதில் எவ்வளவு சாமர்த்தியம். யாரிடம் கற்றாளோ. என்னிடம்தான், வேறு யாரிடம்?

கணக்கு: ஒரு முழு ஷீட் 48 அங்குலம். இன்னொன்றில் வெட்டிய துண்டு 30. கதவு 30. மொத்தம் 108. வெட்டியதில் மிஞ்சும் துண்டில் அவர் பக்கத்துக்கு இரண்டு தட்டு, பொம்மை வைக்க.

நவ. 5, புதன்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

சாக்கால் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு அறுத்திருக்கிறேன். தையலுக்குப் பிடிப்பு விடுவது போல! முப்பது வருடப் பழக்கம், கை தன்னால் விட்டுவிட்டது. துண்டு 31. கதவும் 31. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்க வைத்தால் நுழையவில்லை. பலகையை எங்கே மடித்து அடிப்பேன்?

மு.ஹா. சோபாவில் இருந்தபடி, மகளிடம்: "நான் அப்பவே சொன்னேன். ஜாக்கெட்டு தைக்கிற கை."

திரும்ப அறுத்தேன். ஒரு அங்குலம் மட்டும் எடுப்பது பெரிய பாடு, மெஷின் நிற்க இடம் இல்லை. ஒரு நேர்க்கட்டையை இறுக்கி வைத்து அதை ஒட்டியே ஓட்டினேன். இடது கட்டை விரலில் நல்ல கிழிசல். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். ஆனால் வெட்டு நேராக வந்தது. ஓரத்தில் பதின்மூன்று கோடும் தெளிவாக. தடவித் தடவிப் பார்த்தேன். இந்த வீட்டில் நான் செய்த ஒன்று நேராக வந்திருக்கிறது.

பால் பொங்கி அடுப்பெல்லாம்.

நவ. 6, வியாழன்

வியாழக்கிழமை வந்தால் நெஞ்சில் கல். மாசி மாதத்தில் ஒரு வியாழன்.

இதை ஒரு தரமாவது எழுதிவிட வேண்டும். மு.ஹா.வின் பதவி உயர்வு விருந்து. இருபது பேர். பிரியாணி தம்மில். என் போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. பதினொரு மணிக்கு பாகூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டு, அம்மா போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். எடுத்துப் பேசியது மு.ஹா. எனக்குச் சொன்னது நாலரைக்கு, கடைசி ஆள் வெற்றிலை போட்டுவிட்டுப் போன பிறகு. நடுவில் அண்ணன் மறுபடி கூப்பிட்டதற்கு, "கெளம்பிட்டா, நீங்க ஆக வேண்டியதப் பாருங்க" என்று பதில் வேறு.

நான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். "சமையல் பாதியில இருந்துச்சு. சாப்பாடு முடியட்டும்னு இருந்தேன்." அவ்வளவுதான். மன்னிப்பு கிடையாது, தப்பு என்ற நினைப்பும் கிடையாது. அன்று வந்தவர்கள் பிரியாணி பிரமாதம் என்றபோது, "எல்லாம் என் மேற்பார்வை" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்கு அம்மா இல்லை என்று தெரியாமல் ரைத்தாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடம் பஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். மு.ஹா.வைக் காப்பாற்ற நான் சொன்ன பொய். அதுதான் இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்த இரவே கயிறு கட்டினேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு, வேறெங்கே போவது.

வேலை: உப்புத்தாள் இரண்டு தரம். எல் பட்டை அடித்தாயிற்று.

நவ. 7, வெள்ளி

பலகை நிறுத்தும் நாள். பட்டறை விட்டு வரும் வழியில் தாஸ் அரை மணி நேரம் பிடித்துக் கொடுத்தார்.

"நல்ல மொகம் எந்தப் பக்கம் அக்கா? வாசப் பக்கம்தானே? வர்றவங்க கண்ணுல படணும்."

"என் பக்கம்."

பார்த்தார். அப்படியே திருப்பி நிறுத்தினார்.

ஆமாம், வேண்டுமென்றேதான். முட்டை முட்டையாய் ஒட்டுப் போட்ட முகம் மு.ஹா.வுக்கு. இருபத்தேழு வருடம் நல்லதெல்லாம் முன் ஹாலுக்குப் போயிற்று. மீனில் நடுத்துண்டு, ஃபேனுக்கு நேர் கீழ் இடம், நல்ல டம்ளர். இந்த ஒன்று எனக்கு. கட்டிலில் படுத்துப் பார்த்தேன். பால் ஏடு நிறத்தில் மேலே வரை ஒரு கறை இல்லை.

சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அம்மாவின் போட்டோவை என் பக்கம் மாட்டினேன்.

மகள் பார்த்துவிட்டு: "ஏம்மா இப்படி? சனியன், புள்ளி புள்ளியா தெரியுது." அந்த இரண்டு தட்டில் பொம்மை, ஷீல்டு, கப்பு எல்லாம் அடுக்கி மறைக்கப் பார்த்தாள். மறையவில்லை.

தாழ்ப்பாள் வாங்க மறந்துவிட்டேன். கதவு தானாகத் திறந்துகொள்கிறது. அட்டை மடித்துச் செருகியிருக்கிறேன்.

நவ. 8, சனி

மழை. கேசரிக்கு ரவை, நெய், முந்திரி. போண்டாவுக்கு உருளை இரண்டு கிலோ. பூ. மகளுக்கு ஜாக்கெட் கை இறக்கம் குறைத்தது.

மு.ஹா. இன்று மூன்று தரம் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். உறுதியாக இருக்கிறதாம். மகளிடம் சொன்னார். என்னிடம் சொல்ல வாய் வருமா?

நவ. 9, ஞாயிறு

கால் கடுக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை சென்னையில் வேலை. கூச்சமாகச் சிரித்தான், குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் அப்பா பெரிய குரல். அம்மா ஒல்லி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. உட்காரும் முன் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் பலகைக்குப் பின்னால், போண்டா எண்ணெயில். முன்னால் நடந்தது அத்தனையும் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா: "ஷோகேஸு புதுசா இருக்குதே. இந்த முட்டை முட்டையா இருக்கிறது டிசைனா சம்பந்தி?"

மு.ஹா.: "ஆமா, பிரெஞ்சு டிசைனு. நானே செஞ்சது. லீவு நாள்ல பொழுது போகணுமே."

"கைவேலையா! எத்தன நாளு ஆச்சு?"

"ஒரு வாரம். அளவுதான் முக்கியம். அளவு தப்பினா எல்லாம் போச்சு."

அளவு! போண்டா ஒரு ஈடு கருகியது. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனபோது மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. பெண் பார்க்கும் வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

சாப்பிட்டதும் மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தார். கதவைத் தாண்டியதும் நின்றுவிட்டார். ஒற்றைக் கட்டில். ஒரு தலையணை. போட்டோ. மூலையில் டிரில். பலகையின் இந்த முகத்தை உள்ளங்கையால் தடவினார்.

"இத செஞ்சது நீதானே?"

கையை முந்தானைக்குள் மறைத்தேன்.

"அவரு கையப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. உன் கட்ட வெரலுல கட்டு."

குழாயைத் திறந்துவிட்டார், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. பிறகு சொன்னார்: "எங்க ஊட்டு ஹாலு பதினோரு அடி. எனக்கு ஒண்ணு செஞ்சு தர்றியாம்மா?"

"ஷோகேஸா?"

"ஷோகேஸு அந்தாண்ட. நான் கேக்கறது இந்தப் பக்கம்."

போகும்போது கதவில் செருகிய அட்டையைப் பார்த்தார். "தாப்பா வெக்கலியா? வெச்சிடு. உள்பக்கமா வெய்யி." குழாயை மூடினார். முன் ஹாலுக்குப் போய்ப் புருஷன் பக்கத்தில், நுனியில் உட்கார்ந்தார்.

எண்ணெய் ஆறியதும் கேனில் ஊற்றினேன். அந்த வீட்டுக்குத்தான் என் மகள் போகப்போகிறாள்.

நவ. 10, திங்கள்

காலையிலேயே போன். பிடித்துவிட்டதாம். மு.ஹா. தெருவெல்லாம் லட்டு.

மாப்பிள்ளையின் அப்பாவும் அந்த ஷோகேஸைப் பற்றிக் கேட்டாராம், அவர் மனைவிக்கு அதுபோல ஒன்று வேண்டுமாம். மு.ஹா. உடனே வாக்குக் கொடுத்துவிட்டார்: "சீரோட சேத்து அனுப்பிடறேன் சம்பந்தி. கட்டிலு பீரோவோட இதுவும்." பிறகு, எட்டு மாதத்தில் முதல் தரம், பலகையைத் தட்டி நேரே என்னிடம்: "இந்தா, இன்னும் மூணு ஷீட்டு சொல்லிடு. பதினோரு அடி."

நான் செய்து, அவர் செய்ததாகச் சொல்லி, மகளின் சீரில் ஒரு தடுப்பு போகும். அந்தம்மா கேட்டதில் தப்பில்லை. செய்து கொடுத்தும் விடலாம். ஆனால் இன்னும் இருபது வருடம் கழித்து அந்த ஹாலில் இன்னொன்று யார் போடுவது?

நவ. 11, செவ்வாய்

சரண்யாவைக் கட்டிலில் உட்கார வைத்துக் அந்தம்மா குழாயடியில் பேசியதைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன்.

"அது அவங்க காலத்துக் கதைம்மா. பையன் அப்படி இல்ல."

"இருக்கலாம்."

"உனக்கு எதுலயும் நல்லதே தெரியாதா?" என்று எழுந்து போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்று பட்டது. எனக்கு நல்லது தெரியாது என்பது அல்ல, எனக்கு நல்லதைக் காட்டியவர்கள் குறைவு. இதை அவளிடம் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன். பித்தளை. நான்கு திருகு.

நவ. 12, புதன்

வெயில். துணி காய்ந்தது.

சாயங்காலம் சரண்யா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "உங்கம்மா ஹாலுக்குத் தடுப்பு கேக்குறாங்களே, ஏன்?" என்று கேட்டுவிட்டாளாம். சொல்லாதே என்றுதானே சொன்னேன்!

"என்ன சொன்னான்?"

"சிரிச்சாரு. அப்பா கொஞ்சம் கோவக்காரர், கை நீட்டுவாரு, அம்மாவுக்கு அதெல்லாம் பழகிப்போச்சு, நீ பெருசா எடுத்துக்காதன்னாரு." தலையணையை மடியில் இழுத்துக்கொண்டு: "சிரிச்சாரும்மா."

அந்தம்மா எனக்காகக் குழாயைத் திறந்துவிட்டு ரகசியம் சொன்னார். நான் காப்பாற்றவில்லை. அங்கே இன்றைக்கு அவருக்கு என்ன நடக்கிறதோ. அந்தப் பாவம் என்மேல்தான்.

சரண்யா எழுந்து முன் ஹாலுக்குப் போனாள். நான் தாழ்ப்பாளை எடுத்துக் கதவின் உள்பக்கம் மூன்று திருகு போட்டிருந்தேன்.

"எனக்கு வேணாம்ப்பா அந்த எடம்."

"ஏன்? என்னா கொற?"

"அந்த ஊட்லயும் செவுரு கேக்குறாங்க."

"செவுரா? எந்தச் செவுரு?" மு.ஹா. குரலில் நடிப்பு இல்லை, நிஜமாகவே கேட்கிறார். "இது ஷோகேஸுதானே?"

நான்காவது திருகை முடுக்கினேன். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். சரியாக விழுகிறது.