வீட்டு எண்ணை வைத்து ஒரு கணக்கு

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறாய். போனில் பேசலாமென்றால், லாரி ஹாரன் கேட்டுக் கேட்டு என் காது போய்விட்டது. அம்மாவே முழுவதையும் பேசி முடித்து வைத்துவிடுகிறாள்.

எடைமேடையில் வழக்கமான வேலைதான். நேற்று ஒரு மினி லாரி ஏறி நின்றது. எடை 5225 கிலோ. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் அதே எண். டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைக் காட்டினா டீ ஓசியா தருவாங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். ரசனை கெட்டவன்.

சரி, உனக்கு ஒரு கணக்கு. உன் வீட்டு எண்ணை எடுத்துக்கொள். திருப்பிப் போடு. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. வந்த விடையையும் திருப்பிப் போட்டு, இரண்டையும் கூட்டு. என்ன வந்தது என்று எழுது. மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைத்தது. நல்லாத்தான் இருக்கோம். அவருக்கு வேலை அதிகம்.

கண்ணாடிக் கடையில் கூட்டம் இல்லை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துக் கொடுப்பதில் பொழுது போகிறது. நேற்று ஒருவர் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் தெளிவாத் தெரியுதும்மா, ஆனா தள்ளி இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். இரண்டு நாளில் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, கண்ணாடி போடாமலே.

கணக்கைப் போட்டேன். 1089 வந்தது. இதில் என்ன விசேஷம்?

வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 24

கண்ணு,

உன் கடிதத்தை எடைமேடையிலேயே வைத்து மூன்று தடவை படித்தேன். பின்னால் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் வீட்டு எண் 474. திருப்பினாலும் 474தான். கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். "ஏமாத்திட்டீங்கப்பா" என்று நீ சண்டைக்கு வருவாய் என்றுதான் காத்திருந்தேன். சின்ன வயதில் இப்படி எத்தனை தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாய்.

1089 என்பது, முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்கிற மூன்று இலக்க எண்ணில் தொடங்கினால் வருகிற விடை. தப்பாகப் போட்டிருந்தால் கண்டபடி ஏதாவது வந்திருக்கும், இது வந்திருக்காது. நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். ஆனால் 474ஐ வைத்துப் போடவில்லை.

நீ இப்போது எந்த வீட்டில் இருக்கிறாய்?

இந்தக் கல்யாணம் வேண்டாமென்று அம்மா ஒற்றைக் காலில் நின்றபோது, நான்தான் உன் பக்கம் பேசினேன். எது நடந்தாலும் நான் பொறுப்பு என்றும் சொன்னேன். அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடிப்பாள் என்று பயந்துதான் எதையும் சொல்லாமல் இருக்கிறாயோ என்று தோன்றுகிறது. எனக்குத்தான் காது கேட்காதே, அவள் எவ்வளவு திட்டினால் என்ன. அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எழுதம்மா.

அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பா,

மழைக்காலத்திலேயே வந்துவிட்டேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை. சாவியில் ஒரு தகடு தொங்கும், அதில் எண் இருக்கும். நீங்கள் வீட்டு எண் என்றதும் கை தானாக அதை எடுத்துப் பார்த்திருக்கிறது. 474 ஞாபகத்துக்கே வரவில்லை.

சண்டையெல்லாம் இல்லை. ஒருநாள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீ இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அழவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

வீட்டுச் சாவியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். கீழே இருக்கிற தபால் பெட்டியின் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், மாடிக்குப் போகாமல், உங்கள் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். விலாசம் மாறினால் நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

உங்கள் போன கடிதத்தை அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். எந்த வீட்டில் இருக்கிறாய் என்ற வரியிலேயே கண் நின்றுவிட்டது. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "யாரு, அப்பாவா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நல்லா இருக்காரா?" என்றார். "இருக்கார்" என்று சொல்லி, அந்தச் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

இனிமேல் அங்கே எழுதினால் எனக்கு வந்து சேராது. புது விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. அறை எண் 318. போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது. உங்களைத் திட்டினால், நான் கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வேன் என்று ஏதாவது சொல்லிவையுங்கள்.

பதில் போடும்போது மறக்காமல் ஒரு கணக்கும் எழுதுங்கள் அப்பா. இப்போதைக்கு வேறு எது கேட்டாலும் என்னிடம் விடை இல்லை.

உங்கள் மகள்