ஒன்பது வினாடி

மார்ச் 3, திங்கள்

காலையில் மூன்று பேர். இரண்டாமவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது திரையில் என் முகம் உறைந்துவிட்டதாம், வாயைத் திறந்தபடி. "கொட்டாவி விடறீங்கன்னு நெனச்சோம் டீச்சர்" என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவளுக்கு இது நல்ல விளம்பரம் இல்லை.

பஸ் ஓட்டுநருக்குப் பதினோராவது வகுப்பு. பக்கவாதம் வந்து எட்டு மாதம். நான் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்தான் வாய்க்கு வர மறுக்கிறது. வழக்கம்போல "கேக்குதா?" என்று தொடங்கினேன். தலையாட்டினார். படத்தைக் காட்டுவேன், பெயரைச் சொல்ல வேண்டும், எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். சாவி, ஒன்பது. குடை, பத்து. செருப்புக்கு முதல் எழுத்தை நானே எடுத்துக்கொடுத்தேன். போன வாரமும் இதே கணக்குதான்.

ஆறு வாரம் முன்னேற்றம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் பெயரை எடுத்துவிட்டு, வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். 21ஆம் தேதி நான் அறிக்கை தர வேண்டும்.

மார்ச் 5, புதன்

மோடத்தை அணைத்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி போட்டேன். வயரைக் கழற்றிச் சொருகினேன். எல்லாரும் செய்யும் முதலுதவி. சும்மா இருக்கும்போது நெட் குதிரையாக ஓடுகிறது. வகுப்பு தொடங்கினால் நொண்டுகிறது. அந்த நேரத்தில் மட்டும் யார் இழுக்கிறார்கள்? இந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவன்தான் இருக்கிறான்.

தம்பி வந்து நான்கு மாதம். அவன் வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ஹாலில் சோபா அவனுக்கு. அங்கே மோடத்துக்குப் பக்கத்தில் இருந்த என் மேசை பின்னறைக்குப் போனது. இரண்டு சுவரைத் தாண்டி வைஃபை வரவில்லை. நானே வயர் வாங்கி, சுவரோரமாக இழுத்து, கதவிடுக்கு வழியே உள்ளே கொண்டுவந்தேன். ஆணி அடித்ததும் நான்தான். அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டேன். "நான் வகுப்பெடுக்கும்போது படம் கிடம் பாக்கறியா?"

"இல்லக்கா. நான் வந்து..."

"சரி, பாத்தாலும் பரவால்ல. அந்த நேரத்துல மட்டும் வேண்டாம்."

தலையாட்டினான். போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தான்.

மார்ச் 7, வெள்ளி

தம்பி காலையிலேயே நூலகத்துக்குக் கிளம்பிவிட்டான். நெட் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். ஹாலுக்கும் பின்னறைக்கும் நாலு தடவை நடந்தார், என் கணினியிலேயே சோதித்துக் காட்டினார். "லைன் தங்கமா இருக்கு மேடம். மோடம் பெட்டிதான் அஞ்சு வருஷப் பழசு. புதுசா மாத்திடுங்க."

"மாத்தினா சரியாகிடுமா?"

"மாத்திப் பாருங்களேன்."

டாக்டர்களிடம் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

வாங்கலாமா, வேண்டாமா? பழைய பெட்டியில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்கு விளக்கும் எரிகின்றன. ஆனால் 21 நெருங்குகிறது. ஓட்டுநரின் தாமதத்தில் நெட்டின் பங்கு எவ்வளவு, அவருடையது எவ்வளவு என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது. பெட்டியை மாற்றினால் அந்தச் சந்தேகமாவது தீரும். ஆர்டர் போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

புதுப் பெட்டி வந்தது. மல்லாந்து கிடக்கும் கரப்பான் மாதிரி மேலே கொம்புகள். மாட்டிச் சோதித்தேன், அம்பாகப் பாய்ந்தது.

மதியம் ஓட்டுநர். சாவி, ஒன்பது. குடைக்குப் பதிலே இல்லை. முன்பெல்லாம் என்னைப் பார்ப்பார். இப்போது ஜன்னலைப் பார்க்கிறார். அவர் மனைவி குனிந்து ஏதோ சொன்னார், அதற்கும் அசையவில்லை.

ஆக, குறை நெட்டில் இல்லை, அவரிடம்தான். சந்தேகம் தீர்ந்தது.

மார்ச் 21, வெள்ளி

அறிக்கையை அனுப்பினேன். "முன்னேற்றம் இல்லை."

மார்ச் 24, திங்கள்

நூலகத்துக்கு இன்று விடுமுறை. தம்பி வீட்டில் இருந்தான். காலை வகுப்புகள் முடிந்து வெளியே வந்தால், காபியோடு நிற்கிறான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"பெட்டியில உன் வயர் சொருகின இடத்துல ஒரு லைட் எரியுதுல்ல? நீ கதவைச் சாத்தினா அது மஞ்சளாயிடுது. தொறந்தா பச்சை."

"எப்பலேருந்து?"

"பழைய பெட்டியிலயும் அப்படித்தான். வகுப்பு நடக்குதுன்னு அதுக்கும் தெரியும்போலன்னு நெனச்சேன்."

சாத்திப் பார்த்தேன். "மஞ்சள்" என்றான். திறந்தேன். "பச்சை." ஏழு தடவை. கீல் பக்கம் குனிந்து பார்த்தால், என் வயர் அப்பளமாக நசுங்கி, தோல் கிழிந்து, செம்பு பல்லிளிக்கிறது.

நோயாளியின் பேச்சு வெளியே கேட்கக்கூடாதென்று வகுப்பில் கதவை இறுகச் சாத்துவேன். சோதிக்கும்போது திறந்தே கிடக்கும். அந்த ஆள் வந்த அன்றும் திறந்துதான் கிடந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பெட்டி பழசு என்றேன், தம்பி என்றேன், கடைசியில் ஓட்டுநர் என்றேன்.

"ஏன்டா மொதல்லயே சொல்லல?"

கதவைக் காட்டினான். நான் எழுதி ஒட்டிய தாள்: உள்ளே வகுப்பு, தட்ட வேண்டாம். "அன்னிக்கே சொல்ல வந்தேன்க்கா. நீ சரின்னு போயிட்ட."

ஐயோ, அறிக்கை போயிடுச்சே. மூணு நாள் ஆச்சே. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்!

ஓட்டுநரின் மனைவியைக் கூப்பிட்டேன். வெளியூரில் இருக்கும் மகளுக்குக் காட்டுவதற்காக கடைசி ஆறு வகுப்புகளைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாராம். அனுப்பச் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

பார்த்தேன். அவர்கள் வீட்டு மேசையிலிருந்து எடுத்தது. திரையில் நான் சாவிப் படத்தைக் காட்டுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. "சாவி" என்கிறார். தெளிவாக. சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், அவர் சொன்னது இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை. பிறகு, "பரவால்ல, முயற்சி பண்ணுங்க. சா... சா..." என்கிறேன்.

அவர் மறுபடி "சாவி" என்கிறார், உரக்க. நான் மறுபடி "சா..."

ஆறு வீடியோவும் பார்த்தேன். மூன்றாவதில் சிரிப்பு இல்லை. ஆறாவதில் சாவியோடு சொல்வதையே நிறுத்திவிட்டார். அதைத்தான் நான் முன்னேற்றம் இல்லை என்று எழுதினேன்.

அவர் மனைவி சொன்னது: "சொல்லிட்டாரேன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன் டீச்சர். நீங்க படிச்சவங்க, சரியா வரலைன்னுதான் திரும்பச் சொல்லச் சொல்றீங்கன்னு இருந்துட்டோம்."

வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு சொல் தேடவில்லை.

மார்ச் 26, புதன்

தலைமை மருத்துவரிடம் பேசினேன். அறிக்கை தவறு, காரணம் என் வீட்டுக் கதவு என்றேன்.

"கதவா?"

"கதவுதான் சார்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்தத் தடவை லைன் நன்றாகத்தான் இருந்தது. "மத்தவங்க அறிக்கை?" என்றார். நான்கு மாதமாக எழுதியது எல்லாமே சந்தேகம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அனைவரையும் மறுபடி அளக்க வேண்டும். ஓட்டுநருடையது வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், அதுவரை அவர் பெயரை எடுக்க மாட்டேன் என்றார்.

மார்ச் 27, வியாழன்

தம்பி கதவு நிலைக்கு மேலே சுவரில் துளை போட்டு, புது வயரை அதன் வழியே கொண்டுவந்தான். என் ஆணிகளைப் பிடுங்கும்போது மட்டும் லேசாகச் சிரித்தான். பழைய பெட்டியே போதும். புதியதை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்து மூடினேன், திருப்பி அனுப்ப வேண்டும்.

"நாளைக்கும் நூலகமா?" என்று கேட்டேன். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டான். நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

"வீட்டுலயே இருக்கட்டுமாக்கா?"

"இரு."

ஏப்ரல் 1, செவ்வாய்

தலைமை மருத்துவரிடமிருந்து ஒரு வரி: ஓட்டுநருக்கு இன்னும் ஆறு வாரம்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அன்று எழுத முடியவில்லை. கதவைச் சாத்தினேன். "பச்சை" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன், என் பக்கம்தான் கோளாறு, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று. ஓட்டுநர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிப் படத்தை எடுத்துக் காட்டினேன்.

மூன்று வினாடி. ஒன்பது. பன்னிரண்டு. இந்த மௌனம் முழுக்க அவருடையது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. நான் படம் காட்டாத ஒரு சொல்லைச் சொன்னார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றேன்.

"சாவி" என்றார்.