முழுப் பெயர்

செவ்வாய். மழை.

இன்று அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் செல்வினோடு வாக்குவாதம். இணையதளத்துக்கான பிஎச்பி நிரலைத் தொடங்கும்போது நான் '<?php' என்று முழுதாக எழுதுவேன். அவன் '<?' என்று சுருக்கிவிடுவான். நாளை ஒரு மருத்துவமனையின் இணையதளம் புதிய சர்வருக்குப் போகிறது. சோதித்தபோது, மருத்துவர்கள் வரும் நேரம் தெரிய வேண்டிய இடத்தில் எங்கள் நிரல் துண்டு துண்டாகத் தெரிந்தது. அவனுடைய சுருக்கம் அந்தச் சர்வருக்குப் புரியவில்லை.

"அங்க ஒரு செட்டிங்க மாத்தினா போதும்லாக்கா?" என்றான்.

"ஏலேன்னு கூப்பிட்டா நாகர்கோவில்ல திரும்பிப் பாப்பான். வெளியூர்ல பாப்பானா மக்கா? பேரச் சொல்லிக் கூப்பிடணும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினான். ஒரு மதிப்பை மட்டும் காட்டுகிற '<?=' இப்போது எந்தச் சர்வரிலும் ஓடும், அது கிடக்கட்டும் என்றான். எனக்கு நம்பிக்கையில்லை. ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. விட்டுவிட்டேன்.

மாலைக்குள் மருத்துவர்களின் நேரம் சரியாக வந்துவிட்டது. தக்கலை பஸ்ஸில் ஏறும்போது பின்னாலிருந்து செல்வினின் குரல்: "ஸ்டெல்லா மேரி கிறிஸ்டபெல் அக்கா, போயிட்டு வாங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும்தான்.