ஒன்பதாம் தாளின் கறை

மார்ச் 3, திங்கள்

கைப்பிரதி இன்று என் மேசைக்கு வந்தது. நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. நாற்பத்தோரு தாள்கள். அந்தப் பாஷை எனக்குப் படிக்கத் தெரியாது. நூலகத்தில் என் வேலை பழைய தாளைச் சீராக்குவது மட்டும். ஏறக்குறைய எல்லாத் தாளிலும் செம்பழுப்பாக ஒரு கறை. மனுஷர் எத்தனை தடவைதான் டீயைக் கொட்டியிருப்பார்! "டீக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒன்பதாம் தாள்தான் படு மோசம். கறை உள்ளங்கை அகலம். முதலில் அதைக் கழுவினேன். எழுத்து கரி மை, தண்ணீருக்கு அசையவில்லை. கறை அரை மணி நேரத்தில் கரைந்து, அடியில் விரித்திருந்த தடித்த ஒற்றுத்தாளுக்குள் இறங்கிவிட்டது. தாள் பளிச்! எனக்கே பெருமை தாங்கவில்லை.

நனைப்பதற்கு முன் படம் எடுக்க வேண்டும் என்பது விதி. படம் எடுப்பவர் லீவு. "எடுத்தாயிற்று" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிற நேரத்தில் வேலை தேங்கினால் நன்றாகவா இருக்கும்?

மார்ச் 6

ஒன்பதாம் தாள் அழுத்துப் பலகைக்கு அடியில். ஒரு வாரம் தொடக்கூடாது.

மார்ச் 13, வியாழன்

பழைய பாஷை படிக்கிற பேராசிரியர் வந்தார். வாயைத் திறந்தால் ஜன்னல் அதிரும். முதல் தாளை எனக்காகச் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

வடக்கு மலைக்கு அடியில் குகைகளாம். அங்கே அடைபட்ட காற்று தெற்கே வெளியேறப் பார்க்கும்போது நிலம் நடுங்குகிறதாம். அதை நிரூபிக்க டீக்காரர் என்ன செய்தார்? ஒரு தாளைத் தலை வடக்கே இருக்கும்படி மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு கிண்ணம் வைத்து, விளிம்பு வரை சாயத் தண்ணீர் ஊற்றினார். நிலம் நடுங்கியதும் தண்ணீர் சிந்தும், அவர் கணக்குப்படி தெற்கே. எந்தப் பக்கம் சிந்தியது என்பது தாளிலேயே இருக்கும். அதைச் சுற்றி அன்றைய விவரத்தை எழுதுவார். இருபத்தாறு வருஷம். தினமும் காலையில் கிண்ணத்தை நிரப்பியிருக்கிறார்!

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. டீயா அது? எழுத்து கறையைத் தொடாமல் விலகி விலகிப் போவதைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? பூமியே வந்து போட்ட கறை அல்லவா அது?

அதில் ஒன்றை நான் கழுவிவிட்டேன்.

பேராசிரியரிடம் சொல்லவில்லை.

மார்ச் 14

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அத்தனை தாள்ல ஒண்ணுதானே? யாருக்குத் தெரியப் போகுது? வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். எரிச்சலாக வந்தது. அவர் மேலா, என் மேலா, தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பேராசிரியர் இன்று கடைசித் தாளுக்கு வந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:

"எல்லாக் கறையும் தாளின் கீழே, தெற்கு நோக்கி ஓடியது. ஒன்பதாவது மட்டும் மேலே, வடக்கு நோக்கி ஓடியது. கிண்ணத்தை நான் சரியாக வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷம் என்னை நானே ஏமாற்றினேன். என் கொள்கை தவறு. காரணம் எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் வருகிறவர் ஒன்பதாம் தாளைப் பார்க்கட்டும்."

பேராசிரியரின் குரல் கீழே இறங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எவ்வளவு பெரிய மனசு, பாத்தீங்களாம்மா? அந்த ஒன்பதைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தேன். சுற்றி எழுத்து, நடுவில் வெள்ளை.

"கறை எங்கேம்மா?"

தாள் இப்படித்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனுஷர் தன் இருபத்தாறு வருஷத்தையே தவறு என்று சொன்னதை ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் கேட்டிருந்தேன்.

"நான்தான் கழுவிட்டேன் சார். படமும் எடுக்கல. எடுத்ததா டிக் போட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

பின்னால் வருகிறவர் பார்க்கட்டுமாம். வந்தேன். வந்து செய்த காரியத்தைப் பார்!

மார்ச் 19

இயக்குநர் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். தந்தேன். தலைவர் பதவி இனி இல்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எழுதும்போதுதான் உறைத்தது — ஒற்றுத்தாள்! கறை அதற்குள்தானே போனது? ஓடிப் போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். பதினான்கு நாள் குப்பை உட்கார்ந்திருக்குமா, மடச்சி? வாசல் காவலாளிதான் சொன்னார்: "அந்தத் தாளெல்லாம் கூட்டுற அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களே, அலமாரித் தட்டுல விரிக்க." அக்கா இன்று லீவு.

மார்ச் 20, வியாழன்

காலையிலேயே அக்கா வீடு. மூன்று மாடி.

"இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே!"

சமையலறைத் தட்டுகளிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். மூன்றாவது தட்டில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில், செம்பழுப்பு. தட்டின் அளவுக்கு ஓரத்தை உள்ளே மடித்திருந்தார் அக்கா. ஒற்றுத்தாளின் தலைப்பக்கம் பென்சிலால் எண் போடுவது என் பழக்கம். மடிப்பைப் பிரித்தேன்.

ஒன்பது.

கறை அந்த ஒன்பதைப் பார்த்து மேலே ஓடியிருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பூமி அசைந்த அசைவு, மசாலா வாசனையோடு, என் கையில். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"ஓரத்தை வெட்டிடலாம்னுதான் பாத்தேன். கத்திரிக்கோல் கிடைக்கல" என்றார் அக்கா.

பேராசிரியருக்குப் போன் செய்தேன். இந்த முறை கத்தினார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 2

புதுப் பிரிவுத் தலைவர் வந்துவிட்டார். முதல் உத்தரவு: படம் எடுக்காமல் ஒரு தாளும் நனையக்கூடாது. எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொன்னார், என்னைப் பார்த்து.

மே 11, ஞாயிறு

கண்காட்சி. கண்ணாடிக்குள் ஒன்பதாம் தாள். பக்கத்தில், டப்பாவின் வட்டத் தடத்தோடு, ஒற்றுத்தாள். கீழே நானே கேட்டு வாங்கி எழுதிய அட்டை: "இத்தாளின் கறையைக் கழுவியவர் இந்த நூலகத்தின் சீரமைப்பாளர். அது என்னவென்று அவர் யாரையும் கேட்கவில்லை."

அக்கா வந்தவர்களையெல்லாம் இழுத்து வந்து தன் சர்க்கரை டப்பா தடத்தைக் காட்டினார். கணவர் அட்டையை இரண்டு தரம் படித்தார். "யாருக்குத் தெரியப் போகுதுன்னேன். இப்ப ஊருக்கே சொல்லிட்டியே" என்றார். கோபமில்லை.

மே 12

காலையில் அலமாரி மேல் ஒரு வெள்ளைத் தாள் வைத்தேன், தலை வடக்கே. அதன் மேல் கிண்ணம். விளிம்பு வரை சாயத் தண்ணீர்.

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று கேட்டார் அவர். பிறகு, அந்த இடத்தைத் தாண்டும்போது மெதுவாக நடந்து போனார்.