பாலத்தின் இடப்பக்கம்

செம்மநத்தம் ஓடைப் பாலத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்கிறார்கள். ரெட் ஆக்சைடு வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வந்தது. நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது. சண்டை போட ஆளில்லாமல் நான் கொஞ்சம் சாதுவாகிவிட்டேன்.

அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. நம் சேலம் அலுவலகத்தில், இந்த நடைபாலத்தின் எஃகு எடையைக் குறைக்க மூன்று உகப்பாக்க முறைகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பாரம் தாங்குகிறவற்றில் மிக லேசானதைப் பொறுக்கித் தரும். மூன்றும் ஒரே விடையில் வந்து நின்றன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தைப் பட்டறைக்கு அனுப்பத் தயாராகிவிட்டேன்.

பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தீர்கள். "ஏனுங்க, சனம் எங்க நிக்குதுன்னு போட்டிருக்கீங்க?"

"பாலம் முழுக்கச் சமமா."

"சமமா நிக்கறதுக்கு அதென்ன ஸ்கூல் பிரேயருங்களா? நடுப்பாலத்துல இடப்பக்கம் திரும்புனா சாமி மலை தெரியுமுங்க. மூட்டையோட வர்ற சனம் அத்தனையும் அந்த ஓரத்துலதான் நின்னு கும்புடும். வலப்பக்கம் ஒரு ஆளு இருக்காது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று முறைகளும் சொல்வது பொய்யா என்று கேட்டேன்.

"மூணுகிட்டயும் நீங்க ஒரே கேள்வியத்தானுங்களே கேட்டீங்க?"

வீம்புக்காகத்தான் கூட்டத்தை இடப்பக்கம் நிறுத்திக் கணக்கை மறுபடி ஓட்டினேன். அந்தப் பக்கத்துக் கம்பிகள் திரையில் வரிசையாகச் சிவந்தன. சிவந்தால் தாங்காது என்று பொருள். பட்டறைக்குப் போகவிருந்த வரைபடத்தை நிறுத்தி, அந்தப் பக்கக் கம்பிகளைக் கனமாக்கினேன். நீங்கள் குத்திக் காட்டவில்லை, டீ வாங்கி வந்து வைத்தீர்கள். "நான் மலைமேல தலைச்சோலைக்காரி, தெரிஞ்சுது. நீங்க அடிவாரத்துக்குக் கீழ பொறந்துட்டீங்க. உங்க தப்பில்லீங்க" என்றீர்கள்.

அன்று நன்றி சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன? இப்போதெல்லாம் எந்தப் பாலமானாலும், கணக்கைத் தொடங்குமுன் அந்த ஊரில் ஒரு நாள் போய் உட்கார்ந்து, சனம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

இன்று காலை, காப்பிப்பழ மூட்டையோடு வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நடுப்பாலத்தில் நின்று கும்பிட்டார்கள். "பெயின்ட் ஈரமுங்க!" என்று பெயின்டர் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். இருந்தும் அவர்களோடு இடப்பக்கம் ஒட்டி நின்று கைகூப்பினேன். பாலம் அசையவில்லை. நான் கும்பிட்டது உங்களைத்தான்.