அப்பாவின் லென்ஸும் நீ அனுப்பிய கேமராவும்

அறந்தாங்கி

அன்புத் தம்பி ஜெபக்குமாருக்கு,

அக்கா ஷர்லி எழுதுவது. நலம் விசாரித்துத் தொடங்க இந்த முறை கை வரவில்லை. அப்பாவின் படம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் அழுதுகொண்டே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, நீ இருக்கும் கத்தாருக்குத் திரும்பும் நம் ஊர் ஐயனாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா நோயில் படுத்ததும் உன்னை வரச் சொன்னேன். இப்போது வந்தால் அடக்கத்துக்கு லீவு கிடைக்காது என்றாய். உனக்குப் பதிலாக உன் ஃபிலிம் கேமரா வந்தது. அதில் அப்பாவின் பழைய லென்ஸை மாட்டு, முகம் அழகாக விழும், காலை வெயிலில் உட்கார வை, கண்ணில் ஃபோகஸ் வை, மற்றதெல்லாம் நானே செட் பண்ணிவிட்டேன் என்றாய். படம் எதற்கென்று அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கத்தானே கேக்குறான், எடுத்துரு ஆத்தா என்று சொல்லி, சவரம் செய்துகொண்டார்.

லென்ஸை அவரே மாட்டிக் கொடுத்தார். பட்டனை எத்தனை முறை அமுக்கியும் கேமரா படம் பிடிக்கவில்லை. உனக்கு மெசேஜ் போட்டேன், கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. வெயில் ஏறுது, உள்ளே வாங்கப்பா என்றேன். இந்தா கூப்புட்டுருவான், இருத்தா என்று அசையாமல் இருந்தார். தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்தது, உயிர் இல்லை. தூக்கத்தில் போனார் என்று சித்தப்பா உன்னிடம் சொன்னது உன் மனசுக்காக.

உன் பதில் வந்தபோது வாசலில் சாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய லென்ஸை இந்தக் கேமராவுக்கு அடையாளம் தெரியாதுக்கா, டயலை 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பினால்தான் வேலை செய்யும், சொல்ல மறந்துட்டேன் என்று எழுதி, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாய். உனக்கு அப்போது சேதி தெரியாது. தெரிந்த பிறகும் லீவு கிடைக்கவில்லை என்றாய்.

டயலைத் திருப்பினேன். பெட்டி மூடுவதற்கு முன் எடுத்தேன். நீ சொன்ன கண் மூடியிருந்ததால் மீசையில் ஃபோகஸ் வைத்தேன்.

ரோல் இதனுடன் வருகிறது. இங்கே கழுவ ஆள் இல்லை. நீயே கழுவி, பெரிதாகப் போட்டு, உன் ஹாலில் மாட்டிக்கொள்.

உன் மகனுக்கு, என் மருமகனுக்கு, என் முத்தங்கள். அவனுக்காகத் தினமும் மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். நன்றாகப் படிக்கட்டும். நீ படுக்கையில் விழும் நாளில் அவன் உன்னைவிடப் பெரிய வேலையில், உன்னைவிடத் தூரமான ஊரில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா ஷர்லி