இரண்டு ஃபோனிலும் மகள்

சனிக்கிழமை, இரவு.

இன்று மகளின் நேர்சரியில் விளையாட்டு விழா. எங்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. இவரும் இவருடைய தம்பியும் ஆளுக்கொரு புது ஃபோனில் பிள்ளையின் உடற்பயிற்சியைச் சூம் பண்ணிப் படமெடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வீடியோவையும் அருகருகே வைத்துச் சண்டை.

"அண்ணி, இங்க பாருங்கோ. என்ர ஃபோன்ல பிள்ளையின்ர பல்லையே எண்ணலாம்."

"போடா, உன்ர ஃபோன் முகத்துக்குப் பெயின்ட் அடிச்செல்லோ வச்சிருக்கு" என்றார் இவர்.

நான் பார்த்தது வேறு. ரீச்சர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எல்லாரும் கையை உயர்த்துகிறார்கள். இவள் மட்டும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்துகிறாள். ஒவ்வொரு முறையும். இரண்டு ஃபோனிலும்.

பிறகு, படம் கீறிக்கொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் சிரித்தாள்.

திங்கட்கிழமை பம்பலப்பிட்டியில் காது டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணி, நேரம் எடுத்துப் பிள்ளையைக் காட்ட வேண்டும். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "அவளுக்கு விளையாட்டுப் புத்தி, கவனிக்கிறேல்லை, அவ்வளவுதான்" என்பார். கடவுளே, அப்படியே இருக்கட்டும். கவனமில்லாத பிள்ளையாகவே இருக்கட்டும்.